பொருள் தெரியாத பாட்டு

ரசிகன் என்னும் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனி மதிப்பு உண்டு. நான் பிறந்த மயிலாடுதுறை வட்டாரத்தில் அது ஏறத்தாழ ஒரு பட்டம். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்பதற்காக இரவெல்லாம் மாட்டு வண்டியில் பயணம் செய்த முதியவர்களை என் இளமையில் கண்டிருக்கிறேன். பிள்ளையவர்கள் மறைந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும், "அவர் ராஜரத்தினம் ரசிகர்" என்று சொன்னால் போதும்; ஊரில் அவருக்கு வேறு அறிமுகம் வேண்டியதில்லை. பாகவதரின் ரசிகர்கள், எம்.ஜி.ஆர். ரசிகர்கள், சிவாஜி ரசிகர்கள் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் அணி உண்டு. எங்கள் தெருவில் ரசிகனாக இல்லாதவனைக் காண்பதே அரிது.

அந்த மண்ணில் பிறந்த நான் கடந்த 25 ஆண்டுகளாக ரசிகனாக இருந்து வருவது ஒரு ராக் இசைக்குழுவுக்கு. இதைக் கேட்டதும் சங்கத்து அன்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக் கூடும். ராக் என்றால் தோள்வரை தொங்கும் தலைமுடி, காதைப் பிளக்கும் ஓசை, கட்டுக்கடங்காத இளைஞர் கூட்டம் என்பதே நம் வீடுகளில் நிலவும் எண்ணம். தலைமுடியைப் பொறுத்தவரை அது மெய்தான். மற்றவற்றைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

அக்குழுவின் பெயர் இந்தியன் ஓஷன். சுஸ்மித் சென், அசீம் சக்கரவர்த்தி என்னும் வங்காளிகள் இருவர் 1990-இல் டில்லியில் அதைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு ராகுல் ராம் வந்து சேர்ந்தார். 1994-இல் அமித் கிலாம் வந்தார். சுஸ்மித்தின் கிட்டார், நம் நாட்டுத் தந்தி வாத்தியம் ஒன்றின் சாயலில் நின்று நிதானித்துப் பேசும். அசீம் சம்மணமிட்டு அமர்ந்து, தபலாவை வாசித்துக் கொண்டே பாடுவார். ராகுல் ராம் பேஸ் கிட்டார் வாசிப்பார். அவருடைய குரல் கணீரென்று எழும். அமித் டிரம்ஸ் வாசிப்பவர். இவர்களுடைய முதல் இசைத்தொகுப்பு 1993-இல் வெளிவந்தது. மேடைக் கச்சேரி ஒன்றை அப்படியே பதிவு செய்த 'டெஸர்ட் ரெயின்' 1997-இல் வந்தது. 'கந்தீசா' என்னும் தொகுப்பு 2000-இல் வந்தது. நான் டில்லிக்கு வந்ததும் அதே 2000-இல்தான்.

பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்தர் தேர்வில் வென்று, தமிழிலக்கியத்தில் பெற்ற பி.ஏ. பட்டத்தையும் ஒரு தகரப் பெட்டியையும் சுமந்து கொண்டு புது டில்லி ரயில் நிலையத்தில் இறங்கியபொழுது எனக்கு 21 வயது. கரோல்பாக்கில், மூன்றாம் மாடியில், நான்கு பேர் பகிர்ந்து கொண்ட அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. கரோல்பாக் என்றால் நம்மவர்க்கு விளக்கம் வேண்டுமா? நமக்கு முன் வந்த தலைமுறைகளில் எத்தனையோ எழுத்தர்களும் தட்டச்சர்களும் கணக்கர்களும் முதன்முதலில் படுக்கை விரித்த இடம் அதுவே. தமிழ்ப் பத்திரிகையும் காப்பிப் பொடியும் அங்கே கிடைத்தன. ஆயினும் அறையை விட்டு இறங்கித் தெருவில் கால் வைத்தால் நான் ஊமை.

இந்தி எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பேருந்தில் நடத்துநர் கேட்டது புரியாமல் விழிப்பேன். காய்கறிக் கடையில் விரலை நீட்டி வாங்குவேன். அலுவலகத்தில் கோப்புகளை ஆங்கிலத்தில் எழுதிச் சமாளித்து விடலாம். உணவு இடைவேளையில் என்ன செய்வது? பிரிவில் இருந்தவர்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்னைப் பற்றித்தான் சிரித்தார்களோ என்னும் ஐயம் மாலை வரையில் உடன் வரும். கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன் நான். சொல்லையே சொத்தாக நம்பியிருந்தவனுக்குச் சொல்லற்றுப் போவதன் துன்பம் எப்படிப்பட்டது என்பதை, இந்நகரில் முதல் ஆண்டைக் கழித்த எவரும் அறிவர்.

எங்கள் அறையில் நால்வரில் ஒருவர் கோட்டயம் மாவட்டத்துக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவரைச் சேட்டா என்று அழைப்பேன். அவரிடம் ஒரு பழைய டேப் ரிக்கார்டர் இருந்தது. ஒரு திங்கட்கிழமை மாலை, அஜ்மல் கான் சாலையின் நடைபாதைச் சந்தையில் சுற்றிவிட்டு நான் அறைக்குத் திரும்பியபொழுது, அதில் ஒரு பாட்டு ஓடிக் கொண்டிருந்தது. இந்தி அன்று என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. மெல்ல எழுந்து, ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சொல்லச் சொல்ல உயர்ந்து கொண்டே போயிற்று. "சேட்டா, இது என்ன பாட்டு?" என்று கேட்டேன். "இது ஞங்ஙளுடெ பள்ளியிலெ பாட்டாணல்லோ" என்றார் அவர், வியப்பு நீங்காத முகத்துடன். பள்ளிக்கூடத்தில் பாடிய பாட்டுப் போலும் என்று நான் எண்ணிக் கொண்டேன். மலையாளத்தில் பள்ளி என்றால் தேவாலயம் என்பதை அவர் விளக்கிச் சொன்ன பிறகே தெரிந்து கொண்டேன்.

அந்தப் பாட்டுத்தான் 'கந்தீசா'. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் வழிபாட்டில் வழிவழியாக வந்த துதி அது. மொழி சிரியாக்கு; ஏசுநாதர் பேசியதாகச் சொல்லப்படும் அரமேய மொழியின் ஒரு கிளை. மேற்காசியாவில் பிறந்த அம்மொழி கடல் வழியே வந்த வணிகரோடும் குருமாரோடும் மலபார்க் கரையை அடைந்து, 1960-களில் மலையாள வழிபாடு வரும் வரை, பல நூற்றாண்டுகள் அங்கே தேவாலயங்களில் ஒலித்தது. யவனர் மரக்கலங்கள் முசிறித் துறைக்கு வந்து போனதைச் சங்கப் பாடல்களில் படித்தவன் நான். அதே சேர நாட்டுக் கரையில் வந்திறங்கிய ஒரு பாட்டு, டில்லிக் கரோல்பாக்கின் மூன்றாம் மாடியில் என் காதில் விழுந்தது.

"பொருள் என்ன?" என்று சேட்டாவைக் கேட்டேன். முதல் இரண்டு சொற்களுக்கு மட்டும் தமக்குப் பொருள் தெரியும் என்றார். இறைவன் தூயவன் என்பது அது. எஞ்சியது தெரியாது. அவருடைய பாட்டி நாள்தோறும் முழந்தாளிட்டுப் பாடுவாராம். "பாட்டிக்காவது தெரியுமா?" என்றேன். "யாரைப் பாடுகிறோம் என்று பாட்டிக்குத் தெரியும்" என்றார் அவர்.

அடுத்த ஆண்டு குளிர்காலத்தில் கல்லூரி ஒன்றின் திறந்தவெளி மேடையில் அக்குழுவின் கச்சேரியைக் கேட்கச் சென்றேன். சேட்டாவும் உடன் வந்தார். ஆயிரக் கணக்கில் இளைஞர்கள். இந்திப் பாட்டுகள் வந்தபொழுது கூட்டம் முழுவதும் உடன் பாடியது. நான் வழக்கம்போல் வாயை மூடிக் கொண்டு நின்றேன். பின்னர்க் 'கந்தீசா' தொடங்கியது. சுற்றியிருந்தவர் முகங்களைப் பார்த்தேன். பஞ்சாபி, பீகாரி, ஜாட், வங்காளி எவராயினும், அவர்களுள் ஒருவருக்கும் அதன் பொருள் தெரியாது. என் பக்கத்தில் நின்ற கோட்டயத்துக்காரருக்கு இரண்டு சொல் தெரியும்; அவ்வளவே. எனக்கு எவ்வளவு புரிந்ததோ அவ்வளவுதான் எல்லாருக்கும் புரிந்தது. ஆனாலும் அத்தனை பேரும் கண் இமைக்காமல் கேட்டுக் கொண்டிருந்தார்கள். டில்லிக்கு வந்த நாள் முதலாக, ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று நான் கூசாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை. உரக்கப் பாடினேன் என்றுகூடச் சொல்லலாம். பிழையாகப் பாடினால் கண்டுபிடிக்க ஆள் ஏது?

அன்றிரவு தொடங்கியது என் ரசிகத் தன்மை. அது இன்று வரை நீங்கவில்லை.

என் தந்தையார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வாரம் ஒரு கடிதம் எழுதுவார், நானும் எழுதுவேன். இந்தப் பாட்டைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதியதற்கு வந்த பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. பொருள் தெரியாமல் பாட்டைக் கேட்பது உமியை மெல்வதற்கு ஒப்பாகும் என்று எழுதியிருந்தார். நான் விடவில்லை. திருவையாற்றில் தியாகராசர் ஆராதனைக்குக் கூடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரியும் என்று கேட்டு எழுதினேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல் நான்கு பக்கத்தில் பதில் வந்தது. அந்தக் குறை தீர்க்கத்தான் அண்ணாமலை அரசர் 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டார். சீகாழி மூவர் தியாகராசருக்கு முன்பே தமிழில் கீர்த்தனை செய்தனர். ஏன், நம் ஊரில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கிறித்தவர்தாமே, அவர் கடவுளைத் தமிழில் பாடவில்லையா? இப்படி அடுக்கிக் கொண்டே போய், இறுதியில் ஒரு வரி எழுதியிருந்தார். 'எனக்கு அந்தப் பாட்டின் மேல் கோபம் இல்லை. புரியாததைக் கேட்டுப் பழகினால், புரிவதும் தேவையில்லை என்று ஆகிவிடுமோ என்பதே அச்சம்.'

அந்த அச்சத்துக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அது வெறும் பழைமைப் பற்று அன்று என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

ஆனால் நடந்தது வேறு. புரியாத பாட்டு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஒவ்வொரு பாட்டையும் கேட்ட பின், இது எந்த மொழி, எந்த ஊர், யார் பாடியது என்று கேட்டுத் திரிந்தேன். அதே தொகுப்பில் உள்ள 'மா ரேவா' நருமதைப் பள்ளத்தாக்கின் நாட்டுப் பாடல். ரேவா என்பது நருமதையின் மற்றொரு பெயர். ராகுல் ராம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். ஊருக்கு வந்து, நருமதை அணைகளால் நிலம் இழக்கவிருந்த மக்களின் போராட்டத்தில் ஆண்டுக் கணக்கில் இருந்தார். 'ஹில்லே லே' என்னும் பாட்டு போஜ்புரிப் பேச்சில் கோரக் பாண்டே எழுதியது. 1989-இல் மறைந்த அக்கவிஞர் உழவரைப் பாடியவர். 2003-இல் வந்த 'ஜீனி' தொகுப்பின் தலைப்புப் பாட்டு கபீர்தாசருடையது. நெசவாளியான கபீர் உடலை மெல்லிய ஆடையாகக் கண்டு பாடியதைப் பிரிவில் ஒரு பீகார் நண்பர் எனக்கு வரி வரியாக விளக்கினார். வள்ளுவரும் நெசவாளி என்றே எங்கள் பக்கத்தில் சொல்வார்கள் என்றேன். "அப்படியா?" என்று வியந்து, வள்ளுவரைப் பற்றி அவர் கேட்கத் தொடங்கினார். உணவு இடைவேளையில் நான் வாய் திறந்து பேசிய முதல் உரையாடல் அதுவாகத்தான் இருக்கும்.

நடுவணரசு ஊழியர்க்கான இந்தித் தேர்வுகளை நீங்கள் அறிவீர்கள்: பிரபோத், பிரவீண், பிராக்யா. மூன்றையும் தேறினேன். ஆயினும் வகுப்பில் கற்றதைவிடக் கேசட்டில் கற்றதே மிகுதி. பாடப் புத்தகத்து இந்தியில் எனக்கு விடுப்பு விண்ணப்பம் எழுத வரும். நண்பரோடு சண்டையிடவும் சமாதானமாகவும் வேண்டிய இந்தியைப் பாட்டுகளே கொடுத்தன.

2006-இல் தந்தையார் டில்லிக்கு வந்து ஒரு மாதம் தங்கினார். அப்பொழுது எனக்குத் திருமணம் ஆகி, கரோல்பாக்கை ஒட்டிய அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை 'மா ரேவா' ஓடிக் கொண்டிருந்தபொழுது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "என்னடா பாடுறான்?" என்று கேட்டார். ஆற்றைத் தாயென்று அழைத்து வாழ்த்துகிறார்கள் என்று சொன்னேன். பாட்டு முடியும் வரை கேட்டார். காவிரியில் ஆடிப்பெருக்கன்று தம் தாயார் விளக்கு விட்டதைச் சொன்னார். தண்ணீர் எப்பொழுது திறப்பார்கள் என்று காத்திருக்கும் காலம் வந்துவிட்டதையும் சொன்னார். பின்பு, "ஆத்தைப் பாடுறவன் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மீண்டும் செய்தித்தாளை எடுத்துக் கொண்டார். தமிழிசை பற்றிய தம் கருத்தை அவர் சிறிதும் மாற்றிக் கொள்ளவில்லை. 2012-இல் அவர் மறையும் வரை கடிதங்களில் அந்த வழக்கு நடந்து கொண்டே இருந்தது. இன்று அந்த வழக்காட எனக்கு எதிர்க்கட்சி இல்லை.

ரசிகனின் வாழ்க்கையும் குழுவின் வாழ்க்கையும் இரு தண்டவாளங்களைப் போல் உடன் செல்கின்றன. 1993-ஆம் ஆண்டு மும்பைக் குண்டுவெடிப்புகளைப் பற்றி அனுராக் காஷ்யப் எடுத்த 'பிளாக் ஃப்ரைடே' என்னும் படத்துக்கு இவர்கள் இசையமைத்தார்கள். வழக்குகளால் தடைப்பட்டு 2007-இல்தான் படம் திரைக்கு வந்தது. பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' என்னும் பாட்டு அதில் உள்ளது. வெறி கொண்டு ஓடுகிறவனை நிறுத்தி, பொறு என்று கெஞ்சும் பாட்டு. அதை நான் ஒரு நல்ல பாட்டாக மட்டுமே கேட்டு வந்தேன், 2008 செப்டம்பர் 13 வரை. அன்று மாலை கரோல்பாக் கஃபார் மார்க்கெட்டிலும் நகரின் வேறு இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. என் மனைவி இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக் கொண்டு கடைக்குப் போயிருந்தாள். தொலைபேசி கிடைக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவள் படியேறி வந்தபொழுது, வாங்கிய கத்தரிக்காய்ப் பை கையில் அப்படியே இருந்தது. அவள் போன கடை வேறு தெருவில். அந்தத் தெருவில் இருந்தவர்களின் வீடுகளில் அன்று யாரும் படியேறி வரவில்லை. அதன் பின் அந்தப் பாட்டைப் பல மாதங்கள் நான் போடவே இல்லை. பிறகு போட்டபொழுது, அதில் வரும் கெஞ்சல் யாருடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ஆண்டு, 2009 டிசம்பர் 25 அன்று, அசீம் சக்கரவர்த்தி மாரடைப்பால் காலமானார். எனக்கு அவர் உறவினர் அல்லர், நண்பர் அல்லர், ஒரு முறையேனும் அவரோடு பேசியதில்லை. ஆனாலும் ஒன்பது ஆண்டுகளாக நாள்தோறும் என் வீட்டில் ஒலித்த குரல் அது. இத்தகைய துக்கத்துக்கு நம் வழக்கத்தில் இடமில்லை. தீட்டு இல்லை, சடங்கு இல்லை, சென்று கேட்க வீடு இல்லை. அலுவலகம் திறந்த நாளில் பிரிவில் எல்லாரும் புத்தாண்டு நாட்குறிப்பு வந்ததா என்று விசாரித்துக் கொண்டிருந்தனர். மாலையில் சேட்டாவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் அதற்குள் மாற்றலாகிக் கொச்சிக்குப் போயிருந்தார். "அறிஞ்ஞோ?" என்று மட்டும் கேட்டார். "அறிஞ்சேன் சேட்டா" என்றேன். சற்று நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். என்னிடம் துக்கம் விசாரித்தவர் அவர் ஒருவரே.

மறைவதற்கு முன் அசீம் பாடிப் பதிவு செய்திருந்த பாட்டுகளை 2010-இல் குழுவினர் மாதம் ஒன்றாக இணையத்தில் வெளியிட்டார்கள், காசு வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம். அத்தொகுப்புக்கு அவர்கள் இட்ட பெயர் '16/330 கஜூர் ரோடு'. அது ஒரு முகவரி. அவர்கள் ஆண்டுக் கணக்கில் கூடிப் பயிற்சி செய்த பழைய வீடு இருந்த இடம், கரோல்பாக்கில்தான் இருக்கிறது. என் முதல் அறையிலிருந்து நடந்தே போகும் தொலைவு. நான் ஊமையாய்த் திரிந்த தெருக்களின் நடுவே ஒரு வீட்டில் அந்தப் பாட்டுகள் உருவாகிக் கொண்டிருந்தன என்பதைப் பத்து ஆண்டுகள் கழித்து அறிந்தபொழுது, கரோல்பாக் எனக்குச் சொந்த ஊர் போல் ஆயிற்று.

எண்ணிப் பார்த்தால் அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. இந்நகரத்துக்கு எங்கிருந்தோ வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தாமே அவர்கள்? இருவர் வங்காளிகள்; அமித் கிலாம் காஷ்மீரக் குடும்பத்தவர்; ராகுல் ராமின் தந்தையார் கர்நாடகத்திலிருந்து வந்து டில்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய தாவரவியல் அறிஞர் எச்.ஒய். மோகன் ராம். அந்த நால்வர், கரோல்பாக்கின் பழைய வீட்டில் அமர்ந்து, தங்களுள் எவருடைய வீட்டு மொழியும் அல்லாத வேறு ஒருவருடைய மொழியில் உள்ள பாட்டைச் செம்மை செய்தார்கள். டில்லியின் இயல்பே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2013-இல் சுஸ்மித் சென்னும் விலகினார். தொடங்கிய இருவரும் இல்லாத குழுவை அதே பெயரால் அழைக்கலாமா என்று பழைய ரசிகர்கள் பலர் வாதிட்டனர். என்னையும் கேட்டனர். நம் சங்கங்களை நினைத்துப் பார்க்கிறேன். நிறுவியவர்கள் ஓய்வு பெற்று ஊர் திரும்பினர். சிலர் இங்கேயே மறைந்தனர். அவர்களை அறியாதவர்கள் இன்று பொங்கல் விழாவுக்கு நாற்காலி போடுகிறார்கள். அது வேறு சங்கம் என்று எவரும் சொல்வதில்லை. புதியவர்கள் வந்தனர், நிகில் ராவ் கிட்டாரையும், ஹிமான்ஷு ஜோஷி பாட்டையும், துஹின் சக்கரவர்த்தி தபலாவையும் ஏற்றனர். 2014-இல் வந்த 'தந்தானு' தொகுப்பில் விருந்தினர் பலர் உடன் இசைத்தனர். அவர்களுள் வயலின் குமரேஷ், கஞ்சிரா செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் மூவரும் இருந்தனர். இச்செய்தியைத் தந்தையாருக்கு எழுத முடியவில்லையே என்று மனம் நொந்தேன். "கஞ்சிராவுக்கு மொழி ஏது?" என்று ஒரு வரி எழுதியிருப்பேன். அதற்கும் நான்கு பக்கம் பதில் வந்திருக்கும்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் டில்லியில் பிறந்தவள். இந்தி அவளுக்கு மூச்சு விடுவது போல் வருகிறது. என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பாள். வீட்டில் தமிழ் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். 2016-இல், பத்து வயதில், தமிழர் விழாப் போட்டி ஒன்றில் ஞானசம்பந்தரின் பதிகம் ஒன்றைப் பாடி இரண்டாம் பரிசு பெற்றாள். பண் பிசகவில்லை; ழகரம் தவறவில்லை. பேருந்தில் திரும்பி வருகையில், பாடியதன் பொருளைக் கேட்டேன். தெரியாது என்றாள். என் முகம் மாறியதைக் கண்டிருக்க வேண்டும். "அப்பா, நீங்க மட்டும் அர்த்தம் தெரியாத பாட்டைத் தெனமும் கேக்கலாமா?" என்றாள்.

எதிர்க்கட்சி இல்லை என்று இருந்தேன்; என் பேத்தி இருக்கிறாள் என்று தந்தையார் எங்கிருந்தோ சிரித்திருப்பார்.

அவள் கேட்டதை அன்றிரவு எண்ணிக் கொண்டிருந்தேன். தந்தையார் அஞ்சியது இதைத்தான். பொருளை விட்டு ஓசை மட்டும் எஞ்சுவது. நம் குழந்தைகள் மேடையில் பாடும் தேவாரமும் திருப்புகழும் பாரதியும் அவர்களுக்கு ஒரு கந்தீசாவாக ஆகிவிடுமா? இக்கேள்வி நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. பரிசளிப்பு விழாவில் நாம் கை தட்டும்பொழுது உள்ளுக்குள் உறுத்துவதும் இதுவே.

ஆனால் எனக்கு நேர்ந்ததையும் நினைத்துப் பார்த்தேன். எனக்கும் ஓசைதான் முதலில் வந்தது. அது என்னைப் பிடித்துக் கொண்டது. பிடித்துக் கொண்டபின் நான் பொருளைத் தேடிப் போனேன். சிரியாக்கின் வரலாற்றையும், நருமதையின் துயரையும், கபீரின் தறியையும் அப்படித்தான் அடைந்தேன். அப்படிப் போக முடிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. நான் கேட்ட நேரத்தில் என் பக்கத்தில் ஒருவர் இருந்தார். இரண்டு சொல் மட்டும் தெரிந்த ஒரு சேட்டா. வரி வரியாகச் சொன்ன ஒரு பீகார் நண்பர். அவர்கள் இல்லாதிருந்தால் அந்தப் பாட்டு எனக்கு இனிய ஓசையாக மட்டுமே நின்றிருக்கும். தந்தையார் சொன்ன உமிதான் எஞ்சியிருக்கும்.

ஆகவே மகளைக் கடிந்து கொள்ளவில்லை. நூலை வாங்கி வைத்துப் பாடம் நடத்தவும் இல்லை. அவள் பாடும்பொழுது பக்கத்தில் அமர்ந்திருப்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். முதல் ஆண்டு அவள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு ஒரு சொல்லைக் கேட்டாள். பிறகு ஒரு வரியைக் கேட்டாள். சில சொற்களுக்கு எனக்கே பொருள் தெரியவில்லை. தந்தையாரின் பழைய உரை நூல்களைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். ஓரங்களில் அவருடைய பென்சில் குறிப்புகள் இருந்தன. மூவரும் சேர்ந்து படிப்பது போலவே இருந்தது.

அக்குழுவின் 'தூ ஹை' தொகுப்பு 2023-இல் வந்தது. அதை என் மகள்தான் எனக்கு முதலில் போட்டுக் காட்டினாள். இந்திச் சொற்களின் நுட்பத்தை எனக்கு விளக்கினாள். இப்பொழுது கல்லூரியில் படிக்கிறாள். எனக்கு 46 வயது, மேல்நிலை எழுத்தர். ஓய்வு பெற இன்னும் 14 ஆண்டுகள் இருக்கின்றன. அதன் பின் மயிலாடுதுறைக்குத் திரும்புவோமா, இங்கேயே இருப்போமா என்று மனைவி கேட்கும்பொழுதெல்லாம் பேச்சை மாற்றி விடுகிறேன். எங்கே இருந்தாலும் கேசட்டுகள் உடன் வரும். அவற்றை ஓட்டும் கருவி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆயிற்று என்பது வேறு செய்தி.

நம் சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாவிலும் குழந்தைகள் பாடுவார்கள். பலர்க்குப் பொருள் தெரிந்திராது. அதற்காக அவர்கள் மீது வருந்த வேண்டா. பாட்டு முடிந்து மேடையிலிருந்து இறங்கி வரும் குழந்தை என்றாவது ஒரு நாள், ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கும். அந்த நேரத்தில் நாம் வீட்டில் இருக்க வேண்டும்.